நாளுக்கு ஐந்து சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலம் கற்க உட்காருகிறவர்கள் முதல் வாரம் நாளுக்கு 50 சொல் எழுதிக் குவிப்பார்கள். மூன்றாவது வாரம் நோட்டு எங்கே போனதென்றே தெரியாது. சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை, கணக்குதான் இடிக்கிறது.

ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை உருப்போட்டு, மறுபடி படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். 1885இல் வெளியான அவருடைய முடிவின்படி, ஒரு மணி நேரத்திலேயே மிச்சம் பாதிக்கும் கீழே. மறுநாள் மூன்றில் ஒரு பங்கு. ஆக, புதுச் சொல் சேர்ப்பது சின்ன வேலை. திரும்பப் பார்ப்பதுதான் பெரிய வேலை.

அதற்கு 1970களில் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் பரப்பிய அட்டைப்பெட்டி முறை போதும். செருப்பு வாங்கிய பெட்டியில் நான்கு தடுப்பு வைத்தால் ஐந்து அறை. பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கங்களை வெட்டினால் அட்டை ரெடி. புதுச் சொல் முதல் அறையில், மறுநாள் பாருங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த அறை. அங்கே 3 நாள், பிறகு 7, 15, 30 நாள். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கு. அடுத்துப் பார்க்க வேண்டிய தேதியை மூலையில் பென்சிலால் குறித்து, அட்டையை அறையின் பின்பக்கம் செருகுங்கள். முன்னால் நிற்கும் அட்டைக்குத் தேதி வரவில்லையா, அந்த அறையைத் தொடவே வேண்டாம்.

நாளுக்கு 5 புதுச் சொல் என்றால், இரண்டு மாதத்தில் அறைக்கு ஐந்தாகத் தினம் 25 அட்டை வரும். தவறியவற்றையும் சேர்த்து 30. அட்டைக்கு 15 விநாடி, மொத்தம் ஏழெட்டு நிமிடம். காலைக் காப்பியோடு முடிந்துவிடும். இதையே 20 சொல்லாக்குங்கள்: 120 அட்டை, அரை மணி நேரம். ஆர்வக்கோளாறு கவிழ்வது இங்கேதான்.

அட்டை எழுதுவதிலும் கவனம் வேண்டும். 'பாரோ' (borrow, வாங்குவது), 'லெண்ட்' (lend, கொடுப்பது) இரண்டுக்கும் 'கடன்' என்றே எழுதினால் காலம் முழுக்கக் குழப்பம். ஒரு பக்கம் 'அண்ணனிடம் குடை இரவல் வாங்கினேன்' என்ற வாக்கியம், மறுபக்கம் அதன் ஆங்கிலம். திருப்புவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். திருப்பிப் பார்த்துவிட்டு "அட, இது தெரியுமே" என்பது செல்லாது. நான்கு முறை தவறிய அட்டையைக் கிழித்துவிட்டு, வேறு வாக்கியத்தில் எழுதுங்கள்.

பழக்கம் பிடிக்க 21 நாள் என்பார்கள், நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மதிப்பிட்டார்கள். ஒரு நாள் விட்டதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

ஊருக்குப் போய் நான்கு நாள் விட்டுப்போனால், திரும்பியதும் புது அட்டை எழுதாதீர்கள். தினம் 30 வீதம் பழைய பாக்கியைத் தீருங்கள். பாக்கி தீர்ந்த மறுநாள் மீண்டும் ஐந்து.