அந்த ஒலி பட்டறையில் பிறந்தது

நடுவர் ஐயா அவர்களே, ஏற்காட்டுக் குளிரில் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரசிகப் பெருமக்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த எதிரணி அக்கா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பிரிட்டனின் குயின் ராக் இசைக்குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மேயின் மேடை ஒலிக்குப் பெரிதும் காரணம் விரலா, கருவியா? இதுதான் தலைப்பு. அக்கா விரல் என்றார். நான் கருவி என்கிறேன்.

அக்கா ஒரு கதை சொன்னார். அமெரிக்க ராக் கிடார்க்காரர் டெட் நியூஜென்ட், இன்னொரு பெரிய கிடார்க்காரரான எடி வான் ஹேலனின் கிடாரையும் ஆம்ப்ளிஃபயரையும் வாங்கி வாசித்துப் பார்த்தாராம். அப்போதும் டெட் நியூஜென்ட் வாசித்த மாதிரிதான் இருந்ததாம். கிடார்க்காரர்கள் நாலு பேர் கூடினால் கட்டாயம் இந்தக் கதை வரும். நான் அதை மறுக்கவில்லை. எந்தச் சுரத்தை வளைப்பது, எங்கே நிறுத்துவது, எங்கே சும்மா இருப்பது, இதெல்லாம் விரலுக்கும் மனசுக்கும் சொந்தம். அது வாசிப்பு. ஆனால் பிரையன் மே ஒரே ஒரு கார்டை, அதாவது பல சுரங்கள் சேர்ந்த ஒரு தட்டை, தட்டிவிட்டால் போதும், பாட்டு என்னவென்று தெரிவதற்கு முன்பே நமக்கு ஆள் தெரிந்துவிடுகிறது. அந்த அரை நொடியில் விரல் என்ன வித்தை காட்டிவிட முடியும்? அங்கே பேசுவது மரம், காந்தம், ஆம்ப்ளிஃபயருக்குள் எரியும் கண்ணாடிக் குழாயான வால்வு. அந்த அரை நொடியைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

1963-ஆம் வருடம். லண்டனை ஒட்டிய ஃபெல்தமில் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிடார் மேல் ஆசை. வீட்டில் அவ்வளவு வசதி இல்லை. அப்பா ஹரால்ட் மே மின்னணுத் துறையில் வேலை பார்த்தவர், கைவேலையில் கெட்டிக்காரர். சரி, நாமே செய்துவிடலாம் என்று அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் உழைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ரெட் ஸ்பெஷல்.

அதன் கழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? தெரிந்தவர் வீட்டில் வேண்டாம் என்று கழித்துக் கட்டிய பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டம் அது. நூறு வயதைத் தொட்ட மரம். புழு அரித்த ஓட்டைகள் இருந்தன. தீக்குச்சியை வைத்து அடைத்தார்கள். கழுத்தில் இடம் காட்டும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கம்பிகளை இளக்கி இறுக்குகிற அமைப்புக்கு 1928-ஆம் வருடத்து பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அதை அசைக்கிற கைப்பிடியின் நுனி, ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் முனை. உடம்புக்குள்ளே அங்கங்கே வெற்றிடம் விட்டிருந்தார்கள். ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே நின்றால் கிடாரின் உடம்பு தானும் அதிர்ந்து, சுரம் அறாமல் நீள வேண்டும் என்று நினைத்தே செய்த வேலை அது. மேடையில் அவர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துகிறார், அது தேயாமல் நின்று பாடுகிறது, நாம் மெய்மறந்து போகிறோம். அந்த நீளத்துக்கான இடத்தைத் தகப்பனும் பிள்ளையும் உளியால் குடைந்து வைத்துவிட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவதை நடுவர் ஐயா தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் அந்தப் பையன், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகளையும் தானே செய்தான். காந்தம் வாங்கி, செம்புக் கம்பி சுற்றி, அதுவும் வேலை செய்தது. ஆனால் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி வளைத்தால் நடுவில் ஒரு வேண்டாத சத்தம் கூடவே வந்தது. காந்தத்தின் துருவங்களைக் கம்பி கடக்கும்போது வந்த கோளாறு அது. கடைசியில் பர்ன்ஸ் கம்பெனியின் டிரை-சோனிக் பிக்கப்புகள் மூன்றை வாங்கி, உள்ளே அரால்டைட் பசையை ஊற்றிக் கெட்டியாக்கிப் பொருத்தினான். சத்தம் போயிற்று. விரல் அதே பிரையன் மேயின் விரல்தான், வளைத்த விதமும் அதேதான். காந்தம் மாறிய பிறகுதான் நாம் கேட்கிற ஒலி வந்தது. அக்கா இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த மூன்று பிக்கப்புக்கும் ஆளுக்கு இரண்டு சுவிட்ச். ஒன்று அதை உயிர்ப்பிக்க, இன்னொன்று அதன் அலையைத் தலைகீழாகத் திருப்ப. இரண்டு பிக்கப்பை ஒரே திசையில் சேர்த்தால் ஒலி தடித்து வரும். ஒன்றைத் திருப்பிவிட்டால் இரண்டுக்கும் பொதுவான அலைகள் ஒன்றையொன்று தின்றுவிட, மீதி கூர்மையாகக் கத்தும். மேடையில் பாட்டுக்கு நடுவே அவர் கை சட்டென்று கீழே போய்வருகிறதே, அந்தச் சுவிட்சுக்காகத்தான்.

அப்புறம் ஆம்ப்ளிஃபயர். லண்டன் மார்க்கீ கிளப்பில் டேஸ்ட் என்ற குழு வாசித்துக்கொண்டிருந்த காலம். அதன் கிடார்க்காரர் ரோரி கல்லகர். கச்சேரி முடிந்தும் போகாமல் நின்ற இளைஞர்களில் பிரையன் மேயும் ஒருவர். 'இந்த ஒலி உங்களுக்கு எப்படி வருகிறது?' என்று கேட்டார். ரோரி தன் விரலைக் காட்டவில்லை. தன்னுடைய வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயரையும், அதன் மேல் வைத்திருந்த மேல்சுரங்களைத் தூக்கிவிடும் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்ன டிரெபிள் பூஸ்டர் பெட்டியையும் காட்டினார். பிரையன் மே போய்ப் பழைய ஏசி30 இரண்டு வாங்கினார். ஒரு பூஸ்டரும் தேடிப் பிடித்தார். தன் ஒலி அங்கேதான் கிடைத்தது என்று இன்றுவரை நன்றியோடு சொல்லிவருகிறார். எதிரணி யாருக்காக வாதாடுகிறதோ, அந்த மனிதரே எங்கள் பக்கம் சாட்சி சொல்கிறார்.

நான் சேலத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். திருவிழாவும் கல்யாணமும் பொதுக்கூட்டமும்தான் என் பிழைப்பு. ஆம்ப்ளிஃபயர் என்றால் சொன்னதைப் பெரிதாக்கித் திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான் என்று எங்கள் தொழிலில் பழகியிருக்கிறோம். ஏசி30 அப்படிப்பட்ட பெட்டி இல்லை. அது 30 வாட். கடைசிக் கட்டத்தில் நான்கு ஈஎல்84 வால்வுகள், முன்னால் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு. பிரையன் மே அதன் வால்யூமை முழுதாகத் திறந்து வைத்துவிடுவார். வால்வு தன்னால் முடிந்த எல்லைக்குப் போய்விடும். அதற்குமேல் தள்ளினால் அலையின் உச்சி மழுங்கும். மழுங்கிய இடத்திலிருந்து கிடாரில் இல்லாத மேல்சுரங்கள் புதிதாகக் கிளம்பும். பூஸ்டர் முன்னால் நின்று கீழ்ச்சுரங்களைக் கொஞ்சம் அடக்கி, மேலே உள்ளவற்றைத் தூக்கிக் கொடுப்பதால் அந்த மழுங்கல் சேறாகக் குழம்பாமல் வயலின் போலப் பாடுகிறது. கிடாரில் உள்ள வால்யூம் குமிழை அவர் சற்றே குறைத்தால் அதே பெட்டி மணி மாதிரி தெளிந்துவிடும். விரல் குமிழைத் திருப்புகிறது, உண்மைதான். திருப்பினால் திரும்பிக்கொடுக்கிற குணம் வால்வில் இருக்கிறது.

இந்தப் பூஸ்டரைச் சேலத்துப் பையன்கள் வீட்டிலேயே செய்கிறார்கள். ரேஞ்ச்மாஸ்டருக்குள் இருப்பது ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆன ஒற்றை டிரான்சிஸ்டர். அந்த வகையில் ஏசி128 என்று ஒன்றை ஒரு காலத்தில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நம் நாட்டிலேயே தயாரித்தது. தாத்தா காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோ எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதைக் கழற்றினால் விரல்நகம் அளவில் உலோகத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சால்டரிங் அயர்னால் பதமாகச் சூடுகாட்டி எடுத்து, நாலைந்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டரோடு சேர்த்துப் பற்றவைத்து ஒரு தகர டப்பாவில் அடைத்துவிட்டால் பூஸ்டர் தயார்.

ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற உள்ளே கசியும் மின்னோட்டம் கூடிவிடும், அது வேலை செய்கிற புள்ளியே நகர்ந்துவிடும். கீழே சேலத்தில் சித்திரை மாதம் வெயில் 40 டிகிரியை ஒட்டும்போது இந்த டப்பாவில் வாசித்தால் சுரம் மூச்சுத் திணறிக் கரகரக்கும். அதே டப்பாவை, அதே பையனை, அதே கிடாரோடு கொண்டைஊசி வளைவெல்லாம் ஏற்றி இங்கே கொண்டுவந்தால், குளிரில் அது வாயைத் திறந்து பாடுகிறது. எங்கள் அணித் தம்பி வாசிக்க நான் என் காதால் கேட்டிருக்கிறேன். மலை ஏறியதில் தம்பியின் விரல் ஒன்றும் தேறிவிடவில்லை. தேறியது டிரான்சிஸ்டர். பிரையன் மேயின் பூஸ்டர்கள் பிற்காலத்தில் சிலிக்கானுக்கு மாறிவிட்டன. ஊர் ஊராகப் போகிறவருக்கு அதுதான் தாங்கும்.

இது மேடை ஒலி பற்றிய பட்டிமன்றம் என்பதால், ஸ்டுடியோவில் அவர் செய்ததையெல்லாம் விட்டுவிடுகிறேன். மேடையில் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, தனி ஆளாக நின்று அவர் வாசிக்கும் நீண்ட சோலோவை எடுத்துக்கொள்வோம். எழுபதுகளில் எக்கோபிளெக்ஸ் என்ற டேப் எதிரொலிக் கருவியில், டேப்பைத் தொடும் முனை நகரும் தண்டவாளத்தை நீட்டிவைத்துப் பாடுபட்டார். டேப்பில் பதிந்த சுரம் நன்றாகத் தாமதித்துத் திரும்பி வரும்படி செய்தார். அப்படி இரண்டு கருவி. வாசித்த வரி ஒரு பக்க ஆம்ப்ளிஃபயரில் திரும்பி வரும், இன்னும் தாமதித்து மறுபக்க ஆம்ப்ளிஃபயரில் வரும். நடுவில் இருப்பது அப்போது வாசிக்கிற சுரம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெட்டி என்பதால் ஒன்றோடு ஒன்று கலந்து குழம்பாது. முதல் வரி திரும்பி வருகிற நேரத்தில் அதற்கு இசைவான அடுத்த வரியை அவர் மேலே வைப்பார். மூன்று கிடார் சேர்ந்திசை பாடுவது போல அரங்கம் நிறையும். மேடையில் நிற்பதோ ஒருவர். இங்கே விரல் எப்போது இறங்க வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுப்பதே கருவிதான். அது இல்லாவிட்டால் அந்த சோலோவை அவர் யோசித்தே இருக்க முடியாது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைச் சொல்லாத ரசிகர் உண்டா? அவருக்காக உழைத்து நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அதற்கு ஆச்சா மரம் வேண்டும். பழைய வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கிற, வருடக்கணக்கில் காய்ந்து முறுகிய உத்திரத்தைத் தேடி வாங்குவார்கள். ஃபெல்தம் வீட்டுக் கணப்படுப்பு மரமும் அந்த உத்திரமும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. பிள்ளைவாள் பெருமையைப் பேசும்போது ஆசாரி பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் விவரம் தெரிந்த ரசிகர்களின் வழக்கம்.

விரல், விரல் என்று அக்கா சொல்லும்போது எனக்கு இதுதான் மனக்குறை. ஒரு மனிதரின் விரல்களை மட்டும் எண்ணிவிட்டு மற்ற விரல்களை எல்லாம் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறார். ஏசி30-ஐ வடிவமைத்த டிக் டென்னிக்கு விரல் இல்லையா? 1998-இல் ரெட் ஸ்பெஷலை முழுதாகப் பிரித்துச் செப்பனிட்டுக் கொடுத்த கிரெக் ஃப்ரையருக்கு? அச்சு அசலாக நகல் கிடார் செய்து, மேடையில் கம்பி அறுந்தால் மாற்றிக்கொள்ள வழிசெய்த ஆண்ட்ரூ கைட்டனுக்கு? பல ஆண்டுகளாக மேடைக்குப் பின்னால் நின்று அத்தனை வால்வையும் உயிரோடு வைத்திருக்கும் பீட் மலண்ட்ரோனுக்கு? மேடைப் படத்தில் அடுக்கி நிற்கும் ஏசி30-களில் எதெதில் விளக்கு எரிகிறது என்று நாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதைச் சிலர் பொருள் மோகம் என்கிறார்கள். இல்லை. அந்த விளக்கை எரியவைத்தவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை அது. நானும் மேடைக்குப் பின்னால் நிற்கிறவன் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. கம்பியைத் தட்ட மற்றவர்கள் பிடிக்கும் பிளாஸ்டிக் வில்லையை, அதாவது பிக்கை, பிரையன் மே வைத்து வாசிப்பதில்லை. பிரிட்டனின் பழைய ஆறு பென்ஸ் காசால் வாசிக்கிறார். அதன் விளிம்பில் உள்ள வெட்டுக்கள் கம்பியை உரசும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் மெய்யெழுத்து மாதிரி ஒரு சொரசொரப்பு வருகிறது. அந்தக் காசு 1980-இல் புழக்கத்திலிருந்தே போய்விட்டது. அவர் விடவில்லை. 1993-இல் அவருடைய சுற்றுப்பயணத்துக்காகத் தனியாக ஆறு பென்ஸ் வார்த்துக் கொடுத்தார்கள். கம்பியைத் தொடும் இடத்தில்கூட அவர் விரலை நம்பாமல் உலோகத்தை வைத்திருக்கிறார் ஐயா!

கருவியை வாங்கிவிட்டால் எல்லோரும் பிரையன் மே ஆகிவிடுவார்களா என்று அக்கா கேட்டார். ஆக மாட்டார்கள். அவர் போட்ட மெட்டும், எண்பதை நெருங்கும் வயதிலும் மேடையேறும் உறுதியும் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் தலைப்பு அவருடைய ஒலியைப் பற்றியது. 1985-இல் லண்டன் வெம்பிளி மைதானத்திலும், 2002-இல் பக்கிங்காம் அரண்மனைக் கூரையிலும் அந்த ஒலி கணப்படுப்பு மரத்திலிருந்துதான் வந்தது.

நடுவர் ஐயா, தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். தம்பி கிடாரோடு கீழே தயாராக இருக்கிறான், தகர டப்பாவும் இணைத்தாகிவிட்டது. அவன் ஒரே கார்டை ஒரே மாதிரி தட்டிக்கொண்டே இருப்பான். டப்பாவின் சுவிட்சை நீங்களே உங்கள் காலால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அதற்கப்புறம் எங்கள் அணிக்கு நான் பேச வேண்டியது எதுவும் இல்லை. நன்றி, வணக்கம்.