சூடாகும் மரத்தரையில் கம்பளம்

நேயர்களுக்கு வணக்கம். டொராண்டோவில் குளிர் தொடங்கினாலே, தரை போடுகிற எங்களைப் பிடித்துக் கேட்பார்கள்: "அண்ணை, கீழே சூடு வருகிற மரத்தரையில் கம்பளம் விரிக்கலாமா?" காசைக் கொட்டித் தரையைச் சூடாக்கிவிட்டு அதையே மூடுவது எனக்கு விநோதமாகத்தான் படுகிறது. ஆனால் குழந்தை தவழ்கிற வீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? விரிக்கலாம். கடையில் பூவையும் நிறத்தையும் பார்க்கும் முன் கம்பளத்தைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள்.

ரப்பர், லேடெக்ஸ், பிவிசி ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வழுக்காது என்று சொல்லி விற்பவை பெரும்பாலும் இவைதான். சூட்டில் இவை இளகி மரத்தின் பூச்சில் கறை பிடிக்கும். துடைத்தால் போகாது, தேய்த்து எடுத்துப் புதிதாகப் பூச வேண்டிவரும். பருத்தி, சணல், மெல்லிய கம்பளி, தட்டையாக நெய்தது என்றால் நல்லது.

அடுத்தது தடிமன். தடித்த கம்பளம் சூட்டை மேலே வரவிடாமல் தடுக்கும். இந்த வெப்பத்தடையைப் பிரிட்டனில் டாக் என்ற அளவில் சொல்வார்கள். சூட்டுத்தரைக்கு மேல் கம்பளமும் அடிவிரிப்பும் சேர்ந்து 2.5 டாக்கைத் தாண்டக்கூடாது என்பது அங்குள்ள வழக்கம். நம் தரையில் மரமே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால் கம்பளம் இன்னும் மெல்லியதாக இருக்க வேண்டும்.

சூடு எதிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சுடுநீர்க் குழாய் என்றால் தரை அந்த நீரின் சூட்டைத் தாண்டாது. மின்கம்பி அப்படியல்ல. மேலே மூடினாலும் அது சூட்டைத் தந்துகொண்டே இருக்கும். வெளியேற வழியில்லாமல் அந்த இடம் மட்டும் கொதிக்கும். மரம் காய்ந்து சுருங்கி, பலகைகளுக்கு நடுவே இடைவெளி விடும். தரையின் சூட்டை அளக்கப் பதித்த சென்சார் கம்பளத்துக்கு அடியில் அகப்பட்டால் கதை வேறு: அறை முழுக்கச் சூடாகிவிட்டது என்று நினைத்து தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும், மற்ற இடமெல்லாம் சில்லென்று கிடக்கும். சென்சார் எங்கே இருக்கிறது என்று தரை போட்டவரிடம் கேட்டு வையுங்கள்.

மரத்தரைக்கு மேற்பரப்பில் 27 பாகை செல்சியஸ் வரைதான் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். கம்பளம் விரித்து ஒரு நாள் கழித்து மூலையைத் தூக்கி வெப்பமானியால் பாருங்கள். கூடியிருந்தால் தெர்மோஸ்டாட்டைக் குறையுங்கள். அப்புறம், செரி மரத்தரை வைத்திருப்பவர்கள் கம்பளத்தை அவ்வப்போது இடம் மாற்றிப் போடுங்கள். வெளிச்சம் படுகிற இடம் கறுத்து, மூடிய இடம் வெளிறி நிற்கும்.