மேசைக்கடியில் இரண்டு பை

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் எங்கள் வார்டு நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, தையல்காரர் சங்கப் பொருளாளர் ஐயா அவர்களே, ஓய்வு பெற்ற பிறகும் ஊசியை ஓயவிடாத தையல் ஆசிரியை அம்மா அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து இப்போதே கடிகாரம் பார்க்கும் பயிற்சி மாணவிகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால், தையலுக்கு விட்ட கால் இஞ்ச் என்று நினைத்து உள்ளே மடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய பொருளாளர் ஐயா, தொழிலின் கஷ்டத்தை எல்லாம் சொல்லிவிட்டார். தலைவர் அவர்கள் பொன்னாடை போர்த்தினார். அதற்கு நன்றி. அந்தப் பொன்னாடையை வைத்து இன்னும் ஐந்து நிமிடத்தில் ஒரு வேலை இருக்கிறது. தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அழைப்பிதழில் என் தலைப்பு ‘மிஞ்சிய துணியில் போர்வை’. ஐந்து விஷயம் சொல்வதாகக் குறித்து வந்திருக்கிறேன். பிரிப்பது, துவைப்பது, வெட்டுவது, தைப்பது, விற்பது. இந்த ஐந்துக்கும் ஒரே பழமொழி போதும். ‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு.’ ஏழைக்குச் சொன்ன அறிவுரை என்று நினைக்கிறோம். எனக்கு அது தையல்காரருக்குச் சொன்ன தொழில்நுட்பம் என்று தோன்றுகிறது.

முதலில் பிரிப்பது. வெட்டுத்துணியை வீட்டில் சேர்க்கிற எல்லோரும் முதலில் நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். சிவப்பு ஒரு டப்பா, பச்சை ஒரு டப்பா. பார்க்க அழகு, தைக்கும்போது அவஸ்தை. முதலில் பார்க்க வேண்டியது நூல் எது என்பது. அடுத்தது அளவு. நிறம் கடைசி. காரணம் இஸ்திரிப் பெட்டி. காட்டன் துணியின் சுருக்கம் போக எவ்வளவு சூடு வேண்டுமோ, அந்தச் சூட்டில் பக்கத்துப் பாலியஸ்டர் துண்டு சுருங்கிப் பளபளக்கும். சூட்டைக் குறைத்தால் காட்டன் படியாது. இரண்டும் ஒரே போர்வையில் இருந்தால் இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியாது. பனியன் துணி இழுபடும், சாதாத் துணி இழுபடாது. சேர்த்துத் தைத்தால் மேடு பள்ளம். ஆரி வேலை செய்த பிளவுஸ் துண்டில் மணி ஒன்று ஒளிந்திருந்தால் ஊசி முறியும்.

சரி, எது காட்டன், எது கலப்பு? இப்போதுதான் பொன்னாடை. ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்திருக்கிறேன். இடுக்கியில் பிடித்து, கீழே எவர்சில்வர் தட்டு வைத்து, தீக்குச்சி காட்டுகிறேன். முன்வரிசைக்குத் தெரிகிறதா? நெருப்பைக் கண்டதும் நூல் பின்வாங்கிச் சுருள்கிறது. கரும்புகை. நுனியில் கடுகு மாதிரி ஓர் உருண்டை. ஆறிய பிறகு நகத்தால் நசுக்கினாலும் நசுங்கவில்லை. பாலியஸ்டர். இதோ, நூலகர் அம்மா கொடுத்த பழைய வேட்டி நூல். காகிதம் எரிகிற வாடை, ஊதினால் பறக்கிற சாம்பல். காட்டன். முடி கருகுகிற நாற்றம் வந்தால் பட்டு, அல்லது கம்பளி. மாணவிகள் இதை வீட்டில் செய்தால் ஒரு நூல் போதும், துணியையே கொளுத்த வேண்டாம். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

அளவுக்கு வருவோம். நான்கு டப்பா போதும், மிட்டாய்க் கடைக் கண்ணாடி டப்பா இருந்தால் உத்தமம். ஐந்து இஞ்ச் சதுரம் கிடைக்கும் துண்டு ஒன்றில். மூன்றரை இஞ்ச் ஒன்றில். இரண்டரை இஞ்ச் ஒன்றில். ஒன்றரை முதல் இரண்டரை இஞ்ச் வரை அகலமுள்ள நீளப் பட்டைகள் நான்காவதில். ஒன்றரை இஞ்ச்சுக்குக் குறைந்தது எதுவும் போர்வைக்கு ஆகாது. இரு பக்கமும் கால் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் மிஞ்சுவது என்ன? அதைக் கட்டைவிரல் நக அளவுக்கு நறுக்கித் திண்டுக்குள் அடைக்கலாம். நறுக்காமல் அடைத்தால் ஒரு மாதத்தில் கட்டி கட்டியாகும். அடைக்கும் முன் காந்தத்தை ஒரு தடவை ஓட்டுங்கள், குண்டூசி இருக்கும். கஞ்சி போட்ட துணியைச் சேமிக்காதீர்கள். வெள்ளிப்பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

இரண்டாவது துவைப்பது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு! துவைக்காத புதுக் காட்டனும் ஏற்கெனவே துவைத்த பழைய காட்டனும் ஒரே போர்வையில் சேர்ந்தால், முதல் துவைப்பிலேயே புதுசு சுருங்கும், பழசு சுருங்காது. தையல் ஓரமெல்லாம் குறுகிக்கொள்ளும். அதைவிடப் பெரிய வில்லன் சாயம். சுங்குடிச் சிவப்பும் கைத்தறி நீலமும் வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் போனால் என்ன ஆகும் என்று சுங்குடி கட்டிய எல்லோருக்கும் தெரியும். நம் ஊர்க் கட்டத்துணி அமெரிக்காவுக்குப் போய், துவைத்ததும் சாயம் போய், அதற்கு ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்றே பெயர் வைத்து விற்றார்கள். சாயம் போவதைப் பெருமையாகச் சொல்லி விற்கிற சாமர்த்தியம் நமக்கு வராது. நாம் கசக்கித்தான் ஆக வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். சாயத்தொட்டியில் உப்பு சாயத்தை நூலோடு சேரத் தள்ளும், உண்மை. ஏற்றி முடித்த துணியில் தளர்ந்து நிற்கிற சாயத்தை அது பிடித்து வைக்காது. தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. கடைசியில் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னொரு அலசல்.

சின்னத் துண்டுகளைப் பக்கெட்டில் சும்மா போட்டுக் கசக்கினால் ஓரம் பிரிந்து, நூலெல்லாம் சிக்கி, சடை பிடித்த பந்தாக வரும். தலையணை உறையில் பாதி மட்டும் போட்டு, வாயைக் கட்டி அலசுங்கள். காய்ந்த பிறகு தேய்த்து, அதன் பிறகு வெட்டுங்கள். வெட்டிவிட்டுத் துவைத்தால் இரண்டரை இஞ்ச் இரண்டே கால் ஆகிவிடும்.

மூன்றாவது வெட்டுவது. பாவு, ஊடை, அதாவது துணியின் நீள நூலும் குறுக்கு நூலும், நேராக வருகிற மாதிரி அட்டையை வையுங்கள். கிராஸாக வெட்டிய சதுரம் தைக்கத் தைக்க இழுத்துக்கொண்டு சாய்சதுரமாகும். பிளவுஸ் கைக்குழி வெட்டிய வளைவுத் துண்டுகளில்தான் இந்தத் தப்பு அதிகம். துண்டு வளைந்திருப்பதால் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள், அதுதான் திசை.

மெஷினில் கால் இஞ்ச் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. ஒன்றரை இஞ்ச் பட்டை மூன்றை அடுத்தடுத்துத் தையுங்கள். நடுப் பட்டை அச்சாக ஒரு இஞ்ச், மொத்தம் மூன்றரை இஞ்ச் வர வேண்டும். வராவிட்டால், ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளித் தகட்டின்மேல் பிளாஸ்திரி நாலு மடிப்பு ஒட்டி, துணியை அதில் உரசி ஓட்டுங்கள். ‘நூல் அளவு பிசகுதானே’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு வரிசையில் 9 சதுரம், 8 தையல். ஒவ்வொரு தையலிலும் இரு பக்கமும் ஒரு இஞ்ச்சில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் போனால், எட்டுத் தையலில் ஒரு முழு இஞ்ச் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசை ஒட்டாது. மெஷின் சரியில்லை என்று மெஷினைத் திட்டுவோம். 60-க்கு 90 இஞ்ச் கட்டில் விரிப்புக்கு, தையல் போக இரண்டு இஞ்ச் மிஞ்சுகிற இரண்டரை இஞ்ச் சதுரம் 1350 வேண்டும். ஐந்து இஞ்ச் சதுரம் என்றால் 280 போதும். முதல் விரிப்பு தைக்கிறவர்கள் எதை எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தைப்பதற்குப் போகும் முன் ஓர் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலம். ஆறு வளைகிற இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர். ஜீஸ் பெண்ட் என்று பெயர். பருத்திப் பண்ணையில் அடிமைகளாக உழைத்தவர்களின் சந்ததியார் வாழும் ஊர். பண்ணை முதலாளியின் பெயர் பெட்வே. அந்தப் பெயரே ஊரில் பலருக்கும் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. பலகை வீடு, இடுக்கெல்லாம் குளிர்காற்று. போர்வை அங்கே அழகுப் பொருள் இல்லை, உயிர்ப் பொருள். மிசூரி பெட்வே என்ற அம்மாவின் கணவர் இறந்துபோனார். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? கணவர் வயலில் போட்டிருந்த வேலைச் சட்டை, கால்சராய் எல்லாவற்றையும் கிழித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து 1942-இல் ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக, அதைப் போர்த்திக்கொண்டு படுப்பேன் என்று மகளிடம் சொன்னாராம். வெயிலில் வெளுத்த நீலம், வெளுக்காத நீலம். அதைப் பார்த்தாலே அந்த மனிதர் எப்படி உழைத்தார் என்று தெரியும்.

(கைதட்டல்)

கைதட்டலுக்கு நன்றி, கதை இன்னும் இருக்கிறது. வாக்காளராகப் பதிவு செய்ய ஆற்றைக் கடந்து கேம்டன் என்ற ஊருக்குப் போக வேண்டும். கறுப்பின மக்கள் உரிமை கேட்டுக் கிளம்பிய அந்த நேரம் பார்த்து, 1962-இல் படகை நிறுத்தினார்கள். சாலை வழியாகச் சுற்றினால் ஒரு மணி நேரத்துக்கும் மேல். 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கே வந்து பேசினார். 1966-இல் அந்த வட்டாரப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை நிறுவனத்திடமிருந்து கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஆர்டர் வந்தது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். உறை வெட்டியது போக மிஞ்சிய கார்டுராய் அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போனது. தடித்த துணி, நுணுக்கமாக வெட்ட வராது. அதனால் பெரிய சதுரம், நீண்ட பட்டை. கார்டுராயின் வரியைத் திருப்பி வைத்தால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும், அதையும் கையாண்டார்கள். 2002-இல் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகம் அந்த ஊர்ப் போர்வைகளைச் சுவரில் மாட்டியது. 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை தபால்தலையாகவே வெளியிட்டது. அதே வருடம்தான், 44 வருடம் கழித்து, படகும் திரும்ப வந்தது.

இதில் எனக்கு வேண்டியது அந்தக் கார்டுராய். அது ஏன் அவர்களுக்கு உதவியது? குப்பையிலிருந்து பொறுக்கியதல்ல. வெட்டும் மேசையிலிருந்து நேராக, ஒரே ரகமாக, வேறெதுவும் கலக்காமல் வந்தது. நம் ஊரில் என்ன நடக்கிறது? ரூபியா பிளவுஸ் துணி, லைனிங், சிந்தெட்டிக் சுடிதார், சாரி ஃபால்ஸ் எல்லாம் ஒரே மூலையில் கூட்டித் தள்ளப்படுகிறது. முடியும் தூசியும் குண்டூசியும் சேருகிறது. ராத்திரி குப்பைத்தொட்டி, இல்லையென்றால் தெருமுனையில் நெருப்பு. நான் இப்போது எரித்த ஒரு நூலின் புகை உங்களுக்கு நினைவிருக்கும்.

துணி என்ன ரகம் என்பது யாருக்குத் தெரியும்? கத்திரி பிடித்த கைக்குத் தெரியும். அந்த நிமிடம் தெரியும். கீழே விழுந்து கூட்டிய பிறகு யாருக்கும் தெரியாது, ஒவ்வொன்றாக நூல் உருவிக் கொளுத்தத்தான் வேண்டும். ஆகவே என் கோரிக்கை மிகச் சின்னது. ஒவ்வொரு தையல் கடையிலும் வெட்டும் மேசைக்கடியில் இரண்டு பை. வெள்ளைப் பை காட்டனுக்கு, கலர்ப் பை மற்றதற்கு. 18-க்கு 24 இஞ்ச். வெட்டுபவரின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி, தரையைத் தொடாமல், இரண்டு கொக்கியில் தொங்க வேண்டும். சுவரோரம் வைத்தால் யாரும் எழுந்து போய்ப் போட மாட்டார்கள். பிளாஸ்டிக் பை கூடாது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் பட்ட துணி எந்தப் பைக்கும் வேண்டாம்.

நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன், அப்புறம் கிடைக்க மாட்டார். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே மக்குவதைத் தனியாக, மக்காததைத் தனியாகக் கொடுக்கச் சொன்னது. துணி எங்கே போகிறது? மக்காததோடு சேர்ந்து ஈரமாகி வீணாகிறது. வாரம் ஒரு நாள், சனிக்கிழமை, தையல் கடைகளில் மட்டும் இந்தப் பைகளை வாங்க ஒரு வண்டி. வெள்ளைப் பை இந்த நூலகத்து அலமாரிக்கு. தேவைப்படும் பெண்கள் எடுத்துப் போகட்டும். நூலகர் அம்மா ஓர் அலமாரி தருவதாகத் தலையாட்டியிருக்கிறார். கீழ்த்தட்டு என்றாலும் சரி. கந்தையானாலும் கசக்கிக் கட்டலாம் அம்மா, ஆனால் கசக்க அந்தக் கந்தை முதலில் எங்கள் கைக்கு வர வேண்டும்.

தைப்பதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஒன்று மட்டும். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் ‘கவாந்தி’ என்றொரு போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் முறைக்கு மெஷினும் வேண்டாம், அளவெடுத்த சதுரமும் வேண்டாம். பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் ஓரத்தை மடித்து வைத்து ஓட்டுத்தையல். ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். துண்டை ஒட்டுகிற தையலே அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்கும். உள்ளே பஞ்சு கிடையாது. நம் வெயிலுக்கு அதுதான் பொருத்தம். ஓட்டுத்தையலை இறுக்கி இழுத்தால் நடுவில் துணி கூடாரம் போட்டு நிற்கும், விரலை விட்டுத் தளர்வாக ஓட்டுங்கள்.

ஐந்தாவது, விற்பனை. அதற்கு நேரம் இல்லை என்று துண்டுச் சீட்டு வந்துவிட்டது. தலைவர் அவர்களின் கையெழுத்து என்று நினைக்கிறேன். மிகத் தெளிவாக இருக்கிறது. பொன்னாடையில் ஒரு நூல் போனதற்கு அவரிடம் மன்னிப்பு. வாசல் மேசையில் மாதிரிப் பைகள் இரண்டு தொங்குகின்றன, பக்கத்தில் மனு இருக்கிறது. தையல் கடைக்காரர்கள் கடைப் பெயரோடு கையெழுத்துப் போடுங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம், இழுக்காதீர்கள். வணக்கம்.