ஒரு பகலில் நியூகிரேஞ்சும் லாக்ரூவும்: அயர்லாந்தின் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல்லறைகள்

[காட்சி: போய்ன் ஆற்றின் வளைவு. வடகரையில் புல் மூடிய பெரிய மேடு.]

டப்ளின் நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார்ப் பயணத்தில், மீத் மாவட்டத்தில், போய்ன் ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில் நியூகிரேஞ்ச், நௌத், டௌத் என்னும் மூன்று பெரிய மேடுகள் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே எழுந்து நிற்கின்றன. உலோகக் கருவிகளை அறியாத வேளாண் மக்கள், தம்முள் இறந்த சிலருக்காக எழுப்பிய கல்லறைகள் இவை. நியூகிரேஞ்ச் கட்டப்பட்டது ஏறக்குறைய கி.மு. 3200இல். எகிப்தின் கீசாவில் பெரிய பிரமிடு எழுந்தது அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான்.

டப்ளினில் தங்கியிருப்பவர்கள் ஒரே நாளில் ஐந்தாறு இடங்களைப் பார்த்துவிட நினைப்பது இயல்பு. ஆனால் இந்தக் கற்கள் நின்று நிதானமாகப் பார்ப்பவருக்கே பிடிபடும். ஆகவே காலையில் நியூகிரேஞ்ச், மதிய உணவுக்குப் பின் அதே மாவட்டத்தின் மேற்கு முனையிலுள்ள லாக்ரூ என்று இரண்டு இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம்.

[காட்சி: ஆற்றின் குறுக்கே நடைபாலம். மறுகரையில் சிறு பேருந்து.]

நியூகிரேஞ்சுக்கு நேராகக் காரில் போய் இறங்க முடியாது. ஆற்றின் தென்கரையிலுள்ள பார்வையாளர் மையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நடைபாலத்தைக் கடந்து, மையத்தின் பேருந்தில்தான் செல்ல வேண்டும். உள்ளறை மிகச் சிறியது என்பதால், வழிகாட்டியுடன் சிறு சிறு குழுக்களாகவே உள்ளே விடுகிறார்கள். கோடையில் இடம் கிடைப்பது கடினம். முன்பதிவு செய்யாமல் கிளம்ப வேண்டாம்.

[காட்சி: நுழைவாயில் கல்லின் சுருள் செதுக்கல்கள், அருகிலிருந்து.]

சுமார் 85 மீட்டர் விட்டமுள்ள இந்த மேட்டைச் சுற்றி 97 விளிம்புக் கற்கள் கிடைமட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வாசலுக்கு முன்னால் கிடக்கும் கல் முழுவதும் சுருள்களும் சாய்சதுரங்களும் நிறைந்திருக்கின்றன. கல்லாலேயே கல்லைக் கொத்திச் செதுக்கிய கைகளின் பொறுமையை அதில் பார்க்கலாம். அதற்குப் பின்னால் பளபளக்கும் வெண்ணிறக் குவார்ட்ஸ் சுவரைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. கற்கள் பழையவை, தெற்கே விக்லோ மலைப்பகுதியிலிருந்து அக்காலத்திலேயே கொண்டுவரப்பட்டவை. ஆனால் அவை செங்குத்தான சுவராக நிற்பது 20ஆம் நூற்றாண்டின் மறுகட்டமைப்பு. 1962 முதல் 1975 வரை இங்கே அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓகெல்லி, வாசலுக்கு முன் சரிந்து கிடந்த கற்களை ஆராய்ந்து இந்த வடிவத்துக்கு வந்தார். அவை சுவராக நின்றவையல்ல, தரையில் பரப்பப்பட்டவை என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

[காட்சி: இடைகழியின் உட்புறம், வரைபடமாக.]

உள்ளே நுழைந்தால் 19 மீட்டர் நீளமுள்ள குறுகிய இடைகழி. சில இடங்களில் உடலைப் பக்கவாட்டில் திருப்பியே நகர வேண்டியிருக்கும். அதன் முடிவில், மூன்று பக்கமும் மாடங்கள் கொண்ட அறை இருக்கிறது. கற்களை வரிசை வரிசையாக, மேலே போகப் போகச் சற்றே உட்புறம் தள்ளி அடுக்கி, 6 மீட்டர் உயரத்தில் ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். சாந்து எதுவும் இல்லாத அந்தக் கூரையிலிருந்து இன்றுவரை நீர் ஒழுகியதில்லை. இடைகழியின் கூரைக் கற்களில் மழைநீர் வடிந்தோடக் காடிகள் வெட்டி, இடுக்குகளைச் சுட்ட மண்ணாலும் கடல் மணலாலும் அடைத்திருக்கிறார்கள். அந்தச் சுட்ட மண்ணில் இருந்த கரித்துண்டுகளே பிற்காலத்தில் கட்டடத்தின் வயதைக் கணிக்க உதவின.

நியூகிரேஞ்சின் உயிர்நாடி வாசலுக்கு மேலே இருக்கும் சிறு திறப்பில் இருக்கிறது. ஆண்டின் ஒரு நாளில் உதயசூரியன் உள்ளே வரும் என்று அந்த வட்டாரத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்ததை ஓகெல்லி கேட்டிருந்தார். 1967 டிசம்பர் 21 அன்று விடியலில் அவர் அறைக்குள் காத்திருந்தபோது, அந்தத் திறப்பின் வழியே நுழைந்த ஒளிக்கற்றை இடைகழி நெடுக ஓடி அறையின் தரையை எட்டியது.

வாசல் வழியாக வரும் ஒளி ஏன் போதவில்லை? இடைகழியின் தரை உள்ளே போகப் போகச் சுமார் 2 மீட்டர் உயர்ந்துகொண்டே செல்வதால், அறையின் தரையும் மேல் திறப்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அதனால் வாசல் ஒளி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. மேல் திறப்பின் ஒளிக்கே உள்ளே வழி கிடைக்கிறது. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய சில நாட்களில், காலை 8.58 மணியளவில், சூரியன் எழுந்து நான்கு நிமிடம் கழித்து ஒளி நுழைந்து 17 நிமிடங்கள் தங்குகிறது. பூமியின் அச்சுச் சாய்வு இந்த ஐயாயிரம் ஆண்டுகளில் சற்றே மாறியிருப்பதே அந்த நான்கு நிமிடத் தாமதத்துக்குக் காரணம்; கட்டியவர்களின் காலத்தில் சூரியன் எழுந்த கணமே ஒளி உள்ளே வந்து பின்சுவரையும் தொட்டிருக்கும். இத்தனை துல்லியம் தற்செயலாக அமைந்திருக்க வாய்ப்பில்லை. பல ஆண்டுகள் அடிவானத்தைக் கவனித்துக் குறித்துவைத்தவர்களின் வேலை இது. மற்ற நாட்களில் வருவோருக்கு, விளக்குகளை அணைத்து, மின்னொளியால் இந்தக் காட்சியை வழிகாட்டிகள் செய்துகாட்டுகிறார்கள்.

நேரம் இருந்தால் நௌத்தையும் பாருங்கள். அங்கே அறைக்குள் அனுமதி இல்லை என்றாலும், மேற்கு ஐரோப்பாவின் பெருங்கல் செதுக்கல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே இடத்தில் இருக்கின்றன.

[காட்சி: குன்றின் மேல் சிதறிய கற்குவியல்கள். காற்றில் அலையும் புல்.]

அங்கிருந்து லாக்ரூவுக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சொந்த வாகனம் இல்லாமல் போய்ச் சேர்வது சிரமம். ஓல்டுகாசில் என்னும் ஊருக்கு அருகே, கிழவியின் மலை என்று அயர்லாந்து மொழியில் பெயர் பெற்ற குன்றுகளின் உச்சிகளில் இந்தக் கல்லறைகள் பரவியிருக்கின்றன. மந்திரக் கிழவி ஒருத்தி குன்றுக்குக் குன்று தாவியபோது அவள் மடியிலிருந்து கற்கள் சிந்தின என்பது நாட்டார் கதை. ஏற்றம் செங்குத்தானது, மழைக்குப் பின் வழுக்கும், பிடிப்புள்ள காலணி அவசியம். நியூகிரேஞ்சைப் போல எடுத்துக் கட்டப்படாததால், காலம் சிதைத்த நிலையில் ஒரு கல்லறையை இங்கேதான் காண முடிகிறது. அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்கிறோம்.

இங்குள்ள முதன்மைக் கல்லறை, பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களின் உதயத்தை நோக்கியது. அந்தக் காலைகளில் ஒளி உள்ளே புகுந்து, பின்சுவர்க் கல்லில் செதுக்கியிருக்கும் கதிர் வடிவங்களின் மேல் மெல்ல நகர்கிறது. சீரமைப்புக்காக உட்புறம் மூடப்படும் காலங்களும் உண்டு. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். செதுக்கல்களைத் தொடவோ, படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்கட்டியால் தீட்டவோ கூடாது. அந்தச் சேதத்தைச் சரிசெய்ய வழியில்லை.

நியூகிரேஞ்சின் டிசம்பர் விடியலை உள்ளிருந்து காணும் வாய்ப்பு, விண்ணப்பிக்கும் ஆயிரக்கணக்கானோரில் குலுக்கலில் பெயர் வரும் சிலருக்கே கிடைக்கிறது. லாக்ரூவின் உச்சியில் நின்று சூரியன் எழுவதைப் பார்க்க எந்தக் குலுக்கலும் இல்லை. மார்ச் மாதமானால் காலை ஆறரை மணிக்கு முன்பே மேலே இருக்க வேண்டும். டப்ளினிலிருந்து விடியற்காலை நான்கரை மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள்.