தென்மண்டலத்தின் பதினோரு பேர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பெண்கள் கல்லூரியில் 26 வருடம் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஹாக்கியைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஒலிம்பிக், உலகக் கோப்பை பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு எத்தனையோ படி கீழே இருக்கிற ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தென்மண்டலப் பல்கலைக்கழக ஹாக்கிப் போட்டி. எங்கள் பிள்ளைகள் 'சவுத் ஸோன்' என்பார்கள். "அவ சவுத் ஸோன் ஆடியிருக்கா" என்று சொன்னால் கல்லூரியில் அதற்கே ஒரு தனி மரியாதை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லூரிகள் மோதும் போட்டியில் நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். இந்தியா முழுவதையும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறது இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்களெல்லாம் தென்மண்டலத்தில் வரும். அதில் முதல் நான்கு இடம் பிடிக்கிற அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும்.

ஆகவே கால் இறுதி ஆட்டம்தான் உயிர். ஜெயித்தால் அகில இந்தியா. தோற்றால் அன்று ராத்திரியே பெட்டியைக் கட்டி ரயிலுக்கு ஓட வேண்டும்.

அப்படி ஒரு கால் இறுதியை என்னால் மறக்க முடியாது. செம்மண் கிரவுண்டு. சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்து கிடந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னால் இருந்தோம். கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர், அதாவது கோலுக்குப் பக்கத்தில் நடந்த தப்புக்காகக் கொடுக்கிற அடி. கோல் கோட்டுக்குப் பின்னால் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் நிற்கலாம். எதிரணி பந்தைக் கோட்டிலிருந்து தள்ளிய நொடியில் இவர்களில் ஒருத்தி நேராக, அடிக்கப் போகிறவளைப் பார்த்தே ஓட வேண்டும். இப்போது அதற்கு முகக்கவசம், முழங்கால் கவசம் எல்லாம் வந்துவிட்டன. அன்று என் பெண்ணுக்கு இருந்தது ஒரு ஷின் கார்டு, அதுவும் அக்கா ஒருத்தியிடம் கடன் வாங்கியது. ரைட் ஹாஃப், அதாவது வலப்பக்க நடுவரிசையில் ஆடுகிறவள். தயங்கவே இல்லை. நாலே எட்டில் போய் ஸ்டிக்கைத் தரையோடு படுக்கப் போட்டாள். பந்து ஸ்டிக்கில் பட்டு எகிறி, அவள் தாடையை உரசிக்கொண்டு வெளியே போனது. விசில் ஊதிவிட்டார்கள். நாங்கள் அகில இந்தியாவுக்குப் போனோம்.

மறுநாள் பத்திரிகையில் மூன்று வரிச் செய்தி. கோல் போட்ட பெண்ணின் பெயர் இருந்தது. அவளும் என் பிள்ளைதான், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தாடையில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு அந்தப் பேப்பரை வாங்கி இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாளே ரைட் ஹாஃப், அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நான் அணியை அழைத்துக்கொண்டு போன வருடங்களில் அணிக்குக் கோப்பை கொடுத்தார்கள், ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். பதினாறு பேர் கையிலும் ஒரே வாசகம் உள்ள சான்றிதழ். நான்கு ஆட்டமும் முழுதாக ஆடியவளுக்கும் அதுதான், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கும் அதுதான். பெஞ்சில் இருந்தவளைக் குறைத்துச் சொல்லவில்லை, அவளும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்தவள்தான். ஆனால் யார் எப்படி ஆடினாள் என்பதற்கு எங்கேயும் ஒரு பதிவு இல்லாமல் போய்விடுகிறது.

இதை நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அங்கே ஹாக்கி என்றாலே பனிக்கட்டிமேல் ஆடுவதுதான். நம் ஹாக்கியைக் 'கள ஹாக்கி' என்று பிரித்துச் சொன்னால்தான் புரியும். 1901-இல் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி கொண்டுபோய்ப் பெண்கள் கல்லூரிகளில் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. அங்கே என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு 1981-இலிருந்து நடத்துகிற தேசியச் சாம்பியன்ஷிப் இன்றுவரை பெண்களுக்கு மட்டும்தான். இங்கே பையன்கள் ஆடி முடித்த கிரவுண்டில் மிச்ச நேரத்துக்குக் காத்து நிற்கிறோமே, அதை நினைத்துக்கொண்டு இந்த விவரத்தைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அங்கே சீசன் முடிந்ததும் பயிற்சியாளர்களின் தேசியச் சங்கம் ஒரு காரியம் செய்கிறது. நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பயிற்சியாளர்களே தேர்ந்தெடுத்து, முதல் அணி, இரண்டாம் அணி என்று பெயர் பெயராக வெளியிடுகிறார்கள். அதற்கு மேல்படி 'ஆல் அமெரிக்கன்'. எனக்குப் பிடித்தது அந்த வட்டாரப் படிதான். நாடு பூராவும் பெயர் தெரிந்தவர்கள் நாலு பேர் என்றால், வட்டாரத்தில் கஷ்டப்பட்டு ஆடுகிறவர்கள் நானூறு பேர். கோல் போட்டவளின் பக்கத்தில் கோல் கீப்பரின் பெயரும், தடுப்பு ஆடியவளின் பெயரும் அச்சில் வருகிறது.

அதிலும் மூன்றாம் டிவிஷன் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் சின்னக் கல்லூரிகள். விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கவே கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. அந்தப் பெண்கள் பணத்துக்காக ஆடவில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தால் அதுதான் அவர்களுக்குப் பெரிய கௌரவம். எதிரணிப் பயிற்சியாளர் உன் பெயரைச் சொல்லி ஓட்டுப் போட்டிருக்கிறார் என்றால் அதன் எடையே வேறு. சொந்தப் பயிற்சியாளர் புகழ்வார், அம்மாவும் புகழ்வாள். நீ தடுத்த பந்தால் தோற்றுப்போனவர் புகழ்கிறார் பாருங்கள், அதற்கு ஈடு கிடையாது.

நம்மிடம் மரியாதையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. விளையாட்டில் மொத்தமாக முன்னால் நிற்கிற பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. அது பல்கலைக்கழகத்தின் அலமாரிக்குப் போகும். ஆளுக்கென்று கிடைப்பது 'படிவம் 3'. மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மனுப்போடும்போது, பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள் வைக்க வேண்டிய சான்று அது. சாதாரணக் காகிதம் இல்லை, ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிற காகிதம். தமிழ்நாடு அரசும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது.

ஆனால் அந்தக் காகிதத்தையும் எவ்வளவு அலட்சியமாக எழுதுகிறார்கள்! நான் சொன்னேனே, அந்த ரைட் ஹாஃப், அவள் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். திருத்தி வாங்க நாலு தடவை பஸ் ஏறினாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர், "என்னம்மா விளையாட்டு?" என்று கேட்டார். "ஹாக்கி சார்" என்றாள். "எந்த இடத்துல ஆடினே?" என்று அவர் கேட்டிருந்தால் அவள் அந்தப் பெனால்டி கார்னரைச் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி எடுத்த மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர்க் கார்த்தி செல்வமும் 2022-இல் ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் ஜகார்த்தா போனார்கள். யாரோ ஒருவர் சின்ன வயதில் கூர்ந்து பார்த்திருக்கிறார், பெயரைக் குறித்து வைத்திருக்கிறார். கல்லூரிப் பெண்களுக்கும் அப்படிக் குறித்து வைக்க ஒரு கை வேண்டும். தேர்வாளர்கள் வந்து பார்க்காத ஆட்டங்கள்தான் அதிகம். தென்மண்டலத்தின் சிறந்த பதினோரு பேர் என்று ஒரு பட்டியல் வருடா வருடம் இருந்தால், அடுத்த முகாமுக்கு ஆள் தேடுகிறவர் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. கடைசி நாள் சாயங்காலம் மிச்சமிருக்கிற அணிகளின் மேலாளர்களும் பயிற்சியாளர்களும் ஒரே கல்லூரி வளாகத்தில்தான் இருப்போம். முன்னாடியே தோற்ற அணிகள் கிளம்பும் முன்பே தங்கள் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஒரு கீப்பர், ஃபுல் பேக், ஹாஃப், ஃபார்வர்டு என்று இடவாரியாகப் பதினோரு பெயர். சொந்த அணி ஆளின் பெயரை எழுதக் கூடாது, அது ஒன்றுதான் கண்டிப்பு. எழுத்துப் பிழை இல்லாமல், முதலெழுத்தோடு. பரிசளிப்பில் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பெயராக வாசிக்க ஐந்து நிமிடம். ரைட் ஹாஃப் என்று சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள், கூட்டத்தில் எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள், எழுந்து வர நேரம் வேண்டும். அதற்குப் பிறகும் ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் பிடித்துவிடலாம்.

வணக்கம்.