பூட்டிய நிலையத்துக்குள் சாட்சி யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

போலீஸ் அடித்தால் அது குற்றமா என்று வழக்கறிஞர்களாகிய எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். குற்றம்தான். கைது செய்யும்போது ஒருவர் திமிறினால், பிடித்து நிறுத்தத் தேவையான அளவு பலத்தைக் காட்டலாம். அதற்கு மேல் விழும் ஒவ்வோர் அடிக்கும் அடித்தவரே பொறுப்பு. வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது, புதியதிலும் இருக்கிறது. சரி, நிலையத்துக்குள் நடந்ததை நீதிமன்றத்தில் யார் வந்து சொல்வது?

சாத்தான்குளத்தில் ஓர் அப்பாவும் மகனும் போலீஸ் பிடித்துப் போன பின் இறந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தை மீறி செல்போன் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி அப்பாவைக் கூட்டிப் போனார்கள். தேடிப் போன மகனும் வீடு திரும்பவில்லை. மறுநாள் இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறையில். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை அப்பா.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் எழுதிய அறிக்கையைப் படித்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது. சிசிடிவி கருவியில் வேண்டிய அளவு இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். லத்திகளைக் கேட்டால் தர மறுத்தார்கள். ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடினார். நடுவரையே ஒரு காவலர் ஒருமையில் பேசினார். கடைசியில் அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் விடும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படி ஓர் உத்தரவை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

அங்கே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்தார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருக்கிறது என்றார். சொல்லிவிட்டாரே தவிர, கையெழுத்துப் போட அவருக்குக் கை வரவில்லை. பாதுகாப்புக்கு உறுதி கொடுத்து, நெடுநேரம் கழித்துத்தான் போட்டார். நாளைக்கும் அதே ஆட்களோடு வேலை பார்க்க வேண்டியவர் அல்லவா! அப்புறம் ஆய்வாளர் உட்பட 10 பேர் கைதானார்கள். கொரோனாவில் இறந்த ஒருவர் போக, 9 பேர் மீது சிபிஐ கொலைக் குற்றம் சாட்டியது.

இந்தச் சிக்கலை உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. காவலில் நடந்ததை அறிந்தவர்கள் காவலர்கள்தான், அவர்களோ சகாக்களுக்காக வாய் மூடிக்கொள்கிறார்கள், ஆகவே நிரூபிக்கும் பொறுப்பை மாற்றிச் சட்டம் திருத்துங்கள் என்றது. அதே ஆண்டு, சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்கும் சட்ட ஆணையம் தன் 113ஆவது அறிக்கையில் சாட்சியச் சட்டத்துக்கு ஒரு புதிய பிரிவையே எழுதிக் கொடுத்தது: காவலில் இருந்தவர் உடம்பில் காயம் இருந்தால், காவலில் வைத்திருந்த அதிகாரியே அதை உண்டாக்கினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

2024 ஜூலையில் சாட்சியச் சட்டம் முழுவதுமே மாறியது. அந்தப் பிரிவு பழைய சட்டத்திலும் சேரவில்லை, புதியதிலும் இல்லை. உங்கள் தொகுதி எம்.பி. ஊருக்கு வரும்போது, ஏன் இல்லை என்று கேளுங்கள்.