வாந்தி எங்கிருந்து புறப்படுகிறது?

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நள்ளிரவில் ஒரு குழந்தை எழுந்து வாந்தி எடுக்கிறது. மறுநாள் அம்மாவுக்கும் வயிற்றுப்போக்கு. "என்ன சாப்பிட்டாய்?" என்றுதான் நாம் கேட்போம். நான் கேட்க விரும்புவது வேறு: அந்தக் கிருமி குடலில் எந்தச் செல்லுக்குள் குடிபுகுந்தது?

1968இல் அமெரிக்காவின் நார்வாக் என்ற ஊரில், ஒரு தொடக்கப் பள்ளியில் பாதிப் பேர் இப்படித்தான் படுத்தார்கள். ஊர்ப் பெயரே பின்னாளில் நோரோவைரஸ் என்றானது. 1972இல் ஆல்பர்ட் கபிகியான் என்ற அமெரிக்க விஞ்ஞானி அந்த வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார். ஆனால் ஆய்வகத்தில் அது வளர மறுத்தது. எத்தனையோ செல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிகொடுக்கவில்லை. 2016இல் ஹூஸ்டனில் மேரி எஸ்டெஸ் குழுவினர், மனிதக் குடலின் தண்டுச் செல்களிலிருந்து, அதாவது பிற செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களிலிருந்து, குட்டிக் குடல் போன்ற திசுவை வளர்த்து, அதில் வைரஸைப் பெருக்கினார்கள். சில வகைகளுக்குப் பித்தநீரும் சேர்க்க வேண்டியிருந்தது. உணவை உறிஞ்சும் சாதாரணக் குடற்செல்களில் அது பெருகியது.

அதோடு முடிந்ததா? இல்லை. 2018இல், எலியின் நோரோவைரஸ் டஃப்ட் செல் என்னும் அரிய குடற்செல்லைப் பிடிப்பது தெரிந்தது. மனிதனுக்கும் அப்படித்தானோ என்ற கேள்வி எழுந்தது. எலி எலிதான், மனிதன் மனிதன்தான். 2020இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகளின் குடல் திசுவை ஆராய்ந்தார்கள். அங்கே வைரஸ் பெருகிக்கொண்டிருந்தது ஹார்மோன் சுரக்கும் குடற்செல்களில்!

குடலின் உட்சுவரில் இந்தச் செல்கள் நூற்றில் ஒன்று இருந்தால் அதிகம். ஆனால் அவை சும்மா இருப்பவை அல்ல. உணவில் என்ன வந்திருக்கிறது என்று சுவைத்து, நரம்புக்கும் மூளைக்கும் செய்தி அனுப்புபவை. குழந்தைகளை வாட்டும் ரோட்டாவைரஸும் இவ்வகைச் செல்களைத் தாக்கி, செரோடோனின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருளை வெளியேற்றச் செய்கிறது. அது, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி வாந்தியைக் கிளப்புகிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். நோரோவைரஸும் இதே வழியில் செல்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்க வலுவான காரணம் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் குடல் திசுவைத் தந்த, எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். நமக்கு இரண்டு மூன்று நாளில் விட்டுப்போகும் நோய், அவர்களைப் போன்றவர்களிடம் மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. இந்த வைரஸைக் கொல்ல அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. எந்தச் செல்லைக் காக்க வேண்டும் என்பதை அவர்கள் உடல்தான் நமக்குக் காட்டியது.